அறுத்த ஒட்டகமும் அரசுச் சீட்டும்

 

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் இஷாத் தொழுகைக்குப் பின் நம்மைத் தனியே சந்தித்தார். பள்ளிவாசலின் வடபுறச் சுற்றுச்சுவர் பாதியில் நிற்பது தம் மனத்தை உறுத்துவதாகவும், எஞ்சிய வேலைக்குத் தாம் ஒரு தொகை தர விரும்புவதாகவும் கூறினார். பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கவில்லை, அவரே சொன்னார். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறித் திரும்பும் வழியில் குமுளியில் வாங்கிய கேரள லாட்டரிச் சீட்டில் விழுந்த பரிசாம். "ஹஜ்ரத், அது கவர்மெண்டே நடத்துறது. அந்தக் காசுலதான் அங்கே ஏழைகளுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கே கொடுக்கிறாங்க. நான் பள்ளிக்குக் கொடுத்தா அது எப்படித் தப்பாகும்?" என்று வெள்ளை மனத்தோடு கேட்டார்.

அவருக்கு அன்றிரவே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. ஹராம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது மார்க்கச் சட்டம் மட்டுமன்று. அதனுள் ஒரு வரலாற்றுக் கேள்வியும் இருந்தது. சூதில் வந்த பொருள் ஏழைக்குப் போய்ச் சேர்ந்தால் அச்சூது தூய்மை பெறுமா என்பதே அது. இக்கேள்வி குமுளியில் பிறந்ததன்று. அரபு மண்ணில் திருமறை அருளப்படுவதற்கு முன்பே பிறந்தது.

திருமறை 'மைஸிர்' என்று குறிப்பிடும் சூது யாது என்பதை விரிவுரையாளர்களான ஜமக்ஷரீ, ராஸீ போன்றோர் விளக்கியுள்ளனர். அறியாமைக் காலத்து அரபுகள், குறிப்பாகக் குளிரும் பஞ்சமும் வாட்டும் பருவத்தில், ஓர் ஒட்டகத்தைக் கடனாக வாங்கி அறுப்பர். பத்து அம்புகளை ஒரு பையிலிட்டு, நம்பத்தகுந்த ஒருவரைக் கொண்டு ஒவ்வொன்றாக உருவுவர். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. முதலாவதற்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு என ஏறி ஏழாவதான 'முஅல்லா'வுக்கு ஏழு பங்கு. மீதி மூன்றும் வெற்று அம்புகள். ஏழு அம்புகளின் பங்குகளைக் கூட்டினால் இருபத்தெட்டு வரும்; ஒட்டகத்தை இருபத்தெட்டாகவே கூறுபோட்டனர் என்போரும், பத்தாக மட்டுமே பிரித்தனர் என்போரும் உளர். வெற்று அம்பு யாருக்கு வந்ததோ அவர்கள் ஒட்டகத்தின் விலையைச் செலுத்த வேண்டும்.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. வென்றவர்கள் அவ்விறைச்சியைத் தாங்கள் உண்பதில்லை. ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்துவிட்டு, அதைச் சொல்லிப் பெருமை பாராட்டுவர். இவ்வாட்டத்தில் கலந்துகொள்ளாதவரைக் கஞ்சன் என்னும் பொருளில் 'பரம்' என்று இகழ்வர். ஆக, அன்றைய மக்காவாசியின் கண்ணில் சூதாடியவன் வள்ளல். ஆடாமல் ஒதுங்கியவன் கருமி!

இப்பின்னணியை அறிந்தால்தான் அல்பகரா அத்தியாயத்தின் 219ஆவது வசனத்தின் ஆழம் புலப்படும். மதுவையும் சூதையும் பற்றிக் கேட்டவர்களுக்கு அங்கே கிடைத்த விடை, அவற்றில் பயனே இல்லை என்பதன்று. மனிதர்க்குப் பயன்கள் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அவற்றால் வரும் பாவம் பயனைவிடப் பெரிது என்றே இறைவன் கூறுகிறான். பசித்தவன் வீட்டுக்குப் போன அந்த இறைச்சிப் பங்கு கணக்கில் கொள்ளப்பட்ட பின்னரே தீர்ப்பு வழங்கப்பட்டது. பிற்பாடு அருளப்பெற்ற அல்மாயிதா அத்தியாயம் (5:90, 91) சூதை முற்றாக விலக்கியபோது, பகைமையும் வெறுப்பும் மூள்வதையும் தொழுகையை மறப்பதையும் காரணமாகச் சுட்டியது. மேலும், தம் தோழரைச் சூதாட அழைத்தவர் அதற்குப் பரிகாரமாகத் தர்மம் செய்யட்டும் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. சூதின் வருமானத்தில் தர்மம் என்று இருந்த வழக்கம், சூதுக்கு அழைத்த குற்றத்திற்குத் தர்மம் என்று தலைகீழாக மாற்றப்பட்டது.

இனி நம் காலத்துக்கு வருவோம். மக்கள் நலப் பணிக்குச் சூதின் வழியே பணம் திரட்டும் முறையைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரும் இந்நாட்டில் கையாண்டனர். கல்கத்தாவில் 1813இல் எழுந்த டவுன் ஹால் லாட்டரிப் பணத்தில் கட்டப்பட்டது. 1817இல் அந்நகரத்தில் லாட்டரிக் கமிட்டி என்றே ஒன்று அமைக்கப்பட்டுச் சாலைகள் போடப்பட்டன. இங்கிலாந்திலோ தீமைகளைக் கண்டு அலுத்துப்போய் 1826உடன் அரசு லாட்டரியை நிறுத்தினர். 1994இல் அங்கும் அது திரும்ப வந்துவிட்டது.

சுதந்திர இந்தியாவில் லாட்டரிக்கெனத் தனித் துறையே அமைத்து வழிகாட்டிய மாநிலம் நமக்கு மலைக்கு அப்பால் இருக்கும் கேரளம். 1967இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்சு சாஹிபின் யோசனை அது. ஆம், நம் சமுதாயத்தில் பிறந்தவர்தாம். இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. தனியார் நடத்திய லாட்டரிகளை ஒழித்து, மக்கள்மீது புது வரி சுமத்தாமல் வருவாய் பெருக்கவும், ஏழைகளுக்குப் பிழைப்பு வழி காட்டவும் அவர் எண்ணினார். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி ஒரு ரூபாய் விலையில் முதல் சீட்டு வெளிவந்தது. 1968 ஜனவரி 26இல் நடந்த முதல் குலுக்கலின் முதற்பரிசு 50,000 ரூபாய்.

அடுத்த அடி நம் தமிழகம். அறிஞர் அண்ணா முதல்வராயிருந்த 1968இல் தமிழ்நாடு அரசுப் பரிசுச் சீட்டு பிறந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்னும் அதன் முழக்கம் இன்றும் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இம்முழக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்த ஒட்டக இறைச்சியே நினைவுக்கு வருகிறது. தோற்றவனும் தர்மம் செய்தவனாகிவிடுகிறான். அவன் வெட்கப்பட ஏதுமில்லை. திருவள்ளுவர் 'சூது' என்று ஓர் அதிகாரமே வகுத்த மொழியில் இப்படியொரு முழக்கம் வந்தது வியப்புத்தான். அதே காலத்தில், தெருவோரம் பணம் வைத்துச் சீட்டாடியவரை 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்கீழ்க் காவலர் பிடித்துக்கொண்டும் இருந்தனர். நடத்துபவர் யார் என்பதைத் தவிர இரண்டுக்கும் என்ன வேறுபாடு? உச்ச நீதிமன்றமே 1999இல் ஒரு தீர்ப்பில், அரசு நடத்தினாலும் லாட்டரி தன் சூதாட்டத் தன்மையை இழப்பதில்லை என்று கூறிவிட்டது.

தமிழக அரசின் பரிசுச் சீட்டு 1975இல் கலைஞர் கருணாநிதி ஆட்சியில் நிறுத்தப்பட்டு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் உயிர்பெற்றது. பின்னர் வெளிமாநிலச் சீட்டுகள் வெள்ளமெனப் புகுந்தன. காலையில் வாங்கி மாலைக்குள் கூலி முழுவதையும் இழந்த தொழிலாளர் எத்தனை பேர்! 1998இல் மத்திய அரசு இயற்றிய சட்டம் ஒற்றை எண் லாட்டரியைத் தடுத்தது. இறுதியாக 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தமிழகத்தில் தடைசெய்தது. சீட்டு விற்றுப் பிழைத்த ஊனமுற்றோர் பலர் அன்று திகைத்து நின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். தடையை வரவேற்ற நாம் அவர்களுக்கென்று என்ன செய்தோம் என்ற வினாவிற்கு நம்மிடம் நல்ல விடையில்லை.

தடை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு அது பாதித் தடைதான். லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறினால் குமுளி. கம்பத்திலிருந்து ஏறினால் கம்பம்மெட்டு. போடியிலிருந்து ஏறினால் போடிமெட்டு. மூன்று பாதைகளின் தலைமாட்டிலும் இவ்வாணிபம் சட்டப்படி நடக்கிறது. மலையடிவாரத்தில் குற்றம், மலையுச்சியில் அரசுப் பணி! நம் ஆண்களும் பெண்களும் விடியலில் ஜீப்பேறி ஏலத்தோட்டங்களுக்குப் போய்க் கூலியோடு திரும்பும் வழியும் அதுவே. நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய்ச் சீட்டு ஒன்று என வைத்தாலும், வேலையுள்ள முந்நூறு நாளில் பதினைந்தாயிரம் ரூபாய். ஒரு குலுக்கலுக்கு அச்சாகும் சீட்டுகளோ ஏறத்தாழ ஒரு கோடி, முதற்பரிசு ஒன்று.

2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய், திருப்பூர்ப் பக்கத்து நால்வர் கூட்டாக வாங்கிய சீட்டுக்கு விழுந்த செய்தி வந்ததும், இங்கே தேநீர்க் கடைகளில் வேறு பேச்சே இல்லை. அதற்கு முந்திய ஆண்டு அதே 25 கோடியை வென்ற திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர், உதவி கேட்டு வருவோரின் நெருக்கடி தாளாமல், இப்பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று சில நாள்களிலேயே மனம் நொந்து பேசினார். அச்செய்தியை இங்கு யாரும் பேசிக் கேட்டதில்லை.

சகோதரர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. 2011இல் கே.எம். மாணி நிதியமைச்சராயிருந்தபோது தொடங்கப்பட்ட காருண்யா லாட்டரியின் வருவாயிலிருந்து ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி அளிக்கப்பட்டது. பயனடைந்தோர் உண்டு, திருமறையே பயனை மறுக்காதபோது நாம் ஏன் மறுக்க வேண்டும்? நாம் கேட்பது, அந்நிதியை உண்மையில் கொடுத்தது யார் என்பதே. செல்வந்தர் வீட்டு ஜகாத் அன்று அது. நோயாளியைப் போன்ற இன்னொரு ஏழையின் கூலி. அறியாமைக் காலத்தில் ஒட்டகத்தின் விலையைச் செலுத்தியவனுக்காவது பை நிறையச் செல்வம் இருந்தது.

தடைசெய்தால் மறைவாக நடக்கும், அனுமதித்தால் கண்காணிக்கலாம் என்போர் கூற்றும் புறந்தள்ளத்தக்கதன்று. கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்துத் தமிழகத்தில் கள்ளத்தனமாக நடக்கும் மூன்று நம்பர் லாட்டரியே அதற்குச் சான்று. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர் இதில் கடனாளியாகி, மூன்று பெண் குழந்தைகளோடும் மனைவியோடும் மாண்ட கொடுமையை நாடறியும். ஆனால் சற்று ஆராய்ந்தால், இக்கள்ள லாட்டரி தொங்குவதே அங்குள்ள அரசுக் குலுக்கலின் எண்களில்தானே? சட்டம் அனுமதித்த சூதின் நிழலில்தான் சட்டம் அனுமதிக்காத சூது குளிர்காய்கிறது.

பிள்ளைகள் கையிலிருக்கும் கைப்பேசிக்கு மலையேற வேண்டிய அவசியமும் இல்லாமற்போயிற்று. ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, கேரளத்தின் முதல் சீட்டு விற்பனைக்கு வந்த அதே 1967 நவம்பரில். குதிரைப் பந்தயமும் திறமையே என்று 1996இல் தீர்ப்பாயிற்று. இவ்வாதத்தைப் பிடித்துக்கொண்டே இணைய ரம்மி நிறுவனங்கள் வளர்ந்தன. தமிழக அரசு 2021இல் இயற்றிய தடைச் சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் நீக்கியது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் மீண்டும் மசோதா நிறைவேறி, ஆளுநர் திருப்பியனுப்பி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிட்டியது. அவ்வாண்டு நவம்பரிலேயே ரம்மி, போக்கர் தொடர்பான பகுதி நீக்கப்பட்டது.

நம் மத்ஹபு நூல்களைப் புரட்டினால் திறமையா அதிர்ஷ்டமா என்று இவ்வளவு தூரம் வாதிட்டிருக்க மாட்டார்கள். இருபுறத்தாரும் பணம் வைத்து ஒருவர் இழப்பில் மற்றவர் பெறுவது 'கிமார்'. ஆடுபவன் கெட்டிக்காரனா என்பது பொருட்டன்று. குதிரை, ஒட்டகம், அம்பெய்தல் ஆகியவற்றின் போட்டிப் பரிசுக்கு மட்டும் நிபந்தனைகளுடன் விலக்குண்டு. 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டத்தைத் தடுக்கிறது என்று படித்தபோது, வழி வேறாயினும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே என்று தோன்றியது. அதை எதிர்த்தும் வழக்குகள் தொடரப்பட்டன. காகிதச் சீட்டை அச்சட்டம் தொடவில்லை, அதன்மீதான ஜி.எஸ்.டி. மட்டும் 2025 செப்டம்பரில் 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது.

இத்தனையும் யோசித்த பின்னர், கஃபாவின் வரலாற்றிலிருந்துதான் சகோதரருக்கு விடை சொன்னோம். நபித்துவத்திற்குச் சில ஆண்டுகள் முன்பு குறைஷிகள் கஃபாவைப் புதுப்பித்துக் கட்டினர். வட்டி, விபச்சாரக் கூலி, பிறரிடம் அநியாயமாகப் பறித்த பொருள் ஆகியன அதில் சேரக்கூடாது என்று தங்களுக்குள் நிபந்தனை விதித்துக்கொண்டனர். சிலை வணங்கிய சமுதாயம் அது. சூதும் வட்டியும் அவர்களுக்கு அன்றாடம். எனினும் இறையில்லத்துக்கு என்றதும் நல்ல பணத்தைத் தேடினர், அது போதவில்லை. ஆதலால் இப்ராஹீம் (அலை) அவர்கள் கட்டிய அளவுக்குக் கட்ட முடியாமல் ஒரு பகுதியை வெளியே விட்டனர். ஹஜ்ஜுக்குச் சென்று வந்தோர் அரைவட்டச் சுவருக்குள் கண்ட ஹிஜ்ர் என்னும் இடத்தில் அடங்கியிருப்பது அதுவே.

உரியவரைக் கண்டறிய முடியாத பணத்தைப் பொதுநலனுக்கும் செலவிடலாம் என்ற அறிஞர்களும் உளர். நாம் பேணுதலான வழியைத் தேர்ந்தோம். நன்மையை எதிர்பாராமல் கடனில் மூழ்கிய ஏழை எவருக்கேனும் கொடுத்துவிட்டு, தவ்பா செய்து, இனிச் சீட்டு வாங்காதிருக்கும்படி சொன்னோம். அவர் முகம் வாடியது, மறுக்கவில்லை. இப்போதும் குமுளி வழியேதான் வேலைக்குப் போய்வருகிறார்.

இம்மலரின் பின்பகுதியிலுள்ள வரவு செலவு அறிக்கையில், வடபுறச் சுற்றுச்சுவர் என்ற வரிக்கு எதிரே 'வேலை நிலுவை' என்றிருப்பதன் விவரம் இது.