செல்வமும் எதிர்ப்புக் குரலும்: மாதங்கி அருள்பிரகாசத்தின் பாடல்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

செல்வந்தரான ஒரு பொப் இசைப் பாடகர் ஒடுக்கப்பட்டோர் சார்பிற் பாடும்பொழுது அவரை நம்பலாமா என்ற வினா, இலங்கைத் தமிழரைப் பொறுத்தவரை 2009ஆம், 2010ஆம் ஆண்டுகளில் வெறும் அழகியல் வினாவாக இருக்கவில்லை. வன்னியில் எறிகணைகளுக்கிடையே மக்கள் முடங்கிக் கிடந்த வேளையில், மேலைநாட்டுத் தொலைக்காட்சிகளில் அவர்களைப் பற்றிப் பேசிய மிகப் பிரபலமான தமிழ்க் குரல் எம்.ஐ.ஏ. என அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசத்தினுடையது. அவர் சொன்னது மெய்யா என்ற ஆராய்ச்சியைக் காட்டிலும், அவர் எங்கே வாழ்கிறார், யாரை மணக்கவிருக்கிறார், என்ன உண்கிறார் என்பவையே பெரிதும் பேசப்பட்டன. ஒரு மக்கட் கூட்டத்தின் அழிவு பற்றிய செய்தி, அதனைச் சொன்னவரின் செல்வம் பற்றிய செய்தியாக மாற்றப்பட்டது.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், எதிர்ப்புப் பாடலின் நம்பகத்தன்மையை எவ்வளவைகளைக் கொண்டு மதிப்பிடலாம் என்பதையும் ஆராய்வதே எமது நோக்கம். பாடகரின் நேர்மை பற்றிய வினா அகநிலைப்பட்டது. அதனை வைத்துக்கொண்டு நாம் நெடுந்தூரம் செல்லவியலாது. பாடல் யாருடைய சாதனத்தினூடாக, யாரை நோக்கிச் செல்கிறது, அதனை ஏந்திச் செல்வோர் யாவர் என்பன புறநிலைப்பட்ட வினாக்கள். அவற்றுக்கு விடை காணமுடியும்.

2

பாடுவோனின் பொருளாதார நிலைக்கும் அவன் கூற்றுக்குமுள்ள தொடர்பு தமிழிலக்கிய மாணவருக்குப் புதிய செய்தியன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வு, பாணரையும் புலவரையும் அவர்களைப் புரந்த மன்னரோடு வைத்து நோக்க எமக்குக் கற்பித்தது. பரிசில் பெற்று வாழ்ந்தோர் புரவலனின் புகழையே பெரும்பாலும் பாடினர். ஆயினும் சோழரைப் பாடிய கோவூர் கிழாரே, மலையமானின் மக்களை யானைக்காலில் இட முனைந்த கிள்ளிவளவனை இடித்துரைத்துத் தடுக்கவும் முற்பட்டார். பரிசில் அவரது வாயை அடைத்துவிடவில்லை. புரவலனின் நலனுக்கு மாறானதை அவன் முன்னிலையிலேயே சொன்னமைதான் அக்கூற்றுக்கு வலுச் சேர்த்தது.

அண்மைக்கால உலக வரலாற்றிற் போல் றோப்சன் மற்றொரு சான்று. அமெரிக்காவில் மிக உயர்ந்த ஊதியம் பெற்ற கறுப்பினக் கலைஞருள் அவர் ஒருவர். தொழிலாளர் பக்கம் நின்றமையாலும் சோவியத் நாட்டைப் பகைக்க மறுத்தமையாலும் 1950இல் அவரது கடவுச்சீட்டுப் பறிக்கப்பட்டது. 1958இலேயே அது மீண்டது. இடைப்பட்ட காலத்தில், 1957இல், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளருக்கு அவர் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார். அவரைச் செல்வந்தர் என்று எவரும் ஒதுக்கவில்லை. அவர் இழந்ததும், அவரைத் தமதெனக் கொண்ட ஒரு தொழிலாளர் அமைப்பு மறுமுனையில் இருந்ததுமே அதற்குக் காரணங்கள்.

இவ்விரு சான்றுகளும் இரண்டு அளவைகளைத் தருகின்றன. பாடகர் தம்மை வாழவைப்போரின் நலனுக்கு எதிராகப் பேசுகிறாரா? அவர் பாடலைக் கையேற்கும் கூட்டம் ஒன்று உண்டா?

3

மாதங்கி 1975இல் இலண்டனிற் பிறந்தார். குழந்தைப் பருவம் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கழிந்தது. 1986இல் தாயுடனும் உடன்பிறந்தோருடனும் அகதியாக இலண்டன் திரும்பினார். தந்தை அருளர், ஈரோஸ் இயக்கத்தின் ஆரம்ப உறுப்பினருள் ஒருவர். 1977 ஆகஸ்ட் வன்செயலின் பின் கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளைக் காங்கேசன்துறைக்கு ஏற்றிச் சென்ற கப்பலைக் களமாகக் கொண்டு ‘லங்கா ராணி’ என்னும் நாவலை எழுதியவரும் அவரே. தாய் கலா, தென் இலண்டனின் தொழிலாளர் குடியிருப்பொன்றில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகளின் முதலிரு இசைத்தொகுப்புகளும் (2005, 2007) முறையே ‘அருளர்’, ‘கலா’ எனப் பெயர் பெற்றன. இயக்கத் தந்தையும் உழைப்பாளித் தாயும் இவ்வாறு உலகச் சந்தையிற் பண்டப் பெயர்களாயினர்.

2006இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டமையால் ‘கலா’ தொகுப்பின் பெரும்பகுதி பல நாடுகளில் ஒலிப்பதிவாயிற்று. அதில் இடம்பெற்ற ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்னும் பாடல் விசாவையும் போலிப் பத்திரங்களையும் குடிபெயர்ந்தோர் மீதான அச்சத்தையும் எள்ளலுடன் கையாள்வது. அதன் பல்லவியிலே துப்பாக்கி வெடிக்கும் ஒலியும் காசுப்பெட்டி திறக்கும் ஒலியும் அடுத்தடுத்து வருகின்றன. வன்முறைக்கும் வணிகத்துக்குமுள்ள உறவைக் கேட்போர் செவியில் நேரே இறக்குகின்ற உத்தி இது. 2008இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்தை அப்பாடல் எட்டியது. தொலைக்காட்சி நிறுவனங்கள் அதில் மாற்ற விரும்பியது துப்பாக்கி ஒலியையே. காசுப்பெட்டியின் ஒலியால் அவற்றுக்கு இடர் ஏற்படவில்லை.

அதே காலத்துக் கொழும்பை நாம் மனங்கொள்ள வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் அச்செயலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. லொட்ஜுகளில் தங்கியோருட் பலர் வெளிநாடு செல்வதற்கான பத்திரங்களை எதிர்பார்த்திருந்தோர். ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலின் உண்மையான பாத்திரங்கள் இவர்களே. ஆனால் அப்பாடல் இவர்களை நோக்கிச் செல்லவில்லை. அதன் மொழி ஆங்கிலம். அதன் விநியோகம் மேலைநாட்டு நிறுவனங்களின் கையில். அதன் நகைச்சுவை மேலைநாட்டுக் கேட்போரின் அச்சத்தை முன்னிட்டது.

கேட்கும் பழக்கமும் இதற்கொரு தடையாயிற்று. 1960களின் பிற்பகுதியிலிருந்து நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரால் இலங்கையில் வளர்ந்த தமிழ்ப் பொப் இசை, பேச்சுத் தமிழையும் பைலா மெட்டையும் அரவணைத்துச் சாதாரண மக்களின் மேடையைப் பிடித்தது. எனினும் அது களிப்புக்குரிய துள்ளிசையாகவே நிலைபெற்றது. பொப் இசை அரசியல் பேசும் என்ற எதிர்பார்ப்பே தமிழ்க் கேட்போரிடம் வேரூன்றவில்லை.

4

2009 ஜனவரியில் மாதங்கி அமெரிக்கத் தொலைக்காட்சி நேர்காணலொன்றில் வன்னி நிலைமையை இன அழிப்பு என்றார். அவ்வாண்டு பெப்ரவரியில் நிறைகர்ப்பிணியாகக் கிரமி விழா மேடையிற் பாடினார். அதே மாதம் அவர் பெற்ற குழந்தையின் தந்தை, வேர்னர் இசை நிறுவனத்தின் தலைவராயிருந்த எட்கார் புரொன்ஃப்மனின் மகன். 2010 மே மாதம் நியூ யோர்க் டைம்ஸ் சஞ்சிகை வெளியிட்ட நீண்ட கட்டுரை இம்முரண்பாட்டையே மையமாக்கியது. விலையுயர்ந்த காளான் மணமூட்டிய உருளைக்கிழங்குப் பொரியலை உண்டவாறு அவர் புரட்சி பேசியதாக அதில் வந்த சித்திரிப்பு உலகெங்கும் பரவியது. பொரியலைத் தருவிக்கச் சொன்னவர் கட்டுரையாளரே எனக் காட்டும் ஒலிப்பதிவைப் பாடகி வெளியிட்டார். இப்பூசலிற் பொரியல் பேசுபொருளாயிற்று, வன்னி பின்தள்ளப்பட்டது. போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான குடிமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதைப் புறந்தள்ளவியலாது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டபொழுது, பொரியல் பற்றி எழுதியோருட் பலர் வேறு விடயங்களுக்குச் சென்றுவிட்டனர்.

இங்கு செல்வத்தின் இருமுகப் பணியைக் கவனிக்க வேண்டும். வெள்ளவத்தையில் வாழ்ந்த தமிழர் அவ்வேளை பேசக்கூடிய நிலையில் இருக்கவில்லை. வடபகுதியிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் வந்தோர் பொலிஸாரிடம் பதியுமாறு 2008 செப்டெம்பரிற் பணிக்கப்பட்டிருந்தனர். சிங்களப் பத்திரிகையாசிரியரான லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொழும்பிலே கொல்லப்பட்டார். இத்தகைய சூழலில், தூரமும் புகழும் செல்வமும் வழங்கிய பாதுகாப்பே மாதங்கியைப் பேசவைத்தது. அவர் வறியவராய் வெள்ளவத்தையில் இருந்திருந்தால் அவரது நம்பகத்தன்மை பற்றி எவரும் விவாதித்திரார்; அவர் குரலே எழுந்திராது.

ஆயினும் அச்செல்வம் அவர் பேச்சின் உள்ளடக்கத்தையும் வரையறுத்தது. உலகச் சந்தை விரும்புவது எளிய உருவங்களை. புலிச் சின்னம், ஒளிரும் வண்ணத் துப்பாக்கி, அகதிச் சிறுமி ஆகியன அவ்வகையின. கட்டாயமாகப் படையிற் சேர்க்கப்பட்ட வன்னிச் சிறுவர், வெளியேற முனைந்து தடுக்கப்பட்ட குடும்பங்கள், முகாம்களுக்கு வெளியே நின்று வருந்திய சிங்களத் தொழிலாளி ஆகியோருக்கு அவ்வுருவங்களில் இடமில்லை. ‘லங்கா ராணி’யை எழுதிய தலைமுறை மலையகத் தொழிலாளரையும் வர்க்கத்தையும் பற்றி நீண்ட விவாதம் நடத்தியது. மகளின் பாடல்களில் அவ்விவாதம் படிமமாகச் சுருங்கிவிட்டது. இதனை அவரது தனிப்பட்ட குறையாக மட்டும் கொள்வதற்கில்லை. விவாதத்தைத் தொடர்வதற்குரிய இயக்கங்களே அதற்குள் அழிந்திருந்தன.

5

ஒப்புநோக்குக்காகக் கொழும்பின் மற்றொரு பாடகியை எடுத்துக்கொள்வோம். நந்தா மாலினி இளமையிற் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். சிங்கள மெல்லிசையின் முன்னணி நட்சத்திரமானவர். சுனில் ஆரியரத்தினவின் பாடல்களைக் கொண்ட அவரது ‘பவன’ 1987இல் இசை நிகழ்ச்சியாகவும் ஒலிநாடாவாகவும் வெளிவந்தது. அரச வானொலி அதற்குக் கதவடைத்தது. எனினும் ஒலிநாடா மலிவானது. வீட்டிலேயே பிரதி செய்யத்தக்கது. பாடலின் விநியோகச் சாதனம் கேட்போரின் கைக்கே வந்தது. கொந்தளித்துக் கொண்டிருந்த தென்னிலங்கை இளைஞர் அதனை ஏந்திச் சென்றனர். பாடகியின் புகழோ வருமானமோ அப்பாடல்களின் நம்பகத்தன்மையைக் குறைக்கவில்லை.

ஆனால் மற்றொரு உண்மையும் உண்டு. 1987-89 காலக் கிளர்ச்சி வறிய இளைஞரின் வர்க்கக் கோபத்தைச் சுமந்தது போலவே, தமிழருக்கு அதிகாரப் பகிர்வு வழங்குவதற்கான எதிர்ப்பையும் சுமந்தது. ஏந்திச் செல்லும் கூட்டம் பாடலுக்கு வலுவைத் தருகிறது. அக்கூட்டத்தின் வரம்பு பாடலின் வரம்பாகவும் ஆகிவிடுகிறது. மாதங்கிக்கு உலகம் இருந்தது, இயக்கம் இருக்கவில்லை. நந்தா மாலினிக்கு இயக்கம் இருந்தது, அது மொழியெல்லையைத் தாண்டவில்லை. கொட்டாஞ்சேனையின் ஒரே தெருவில் வாழ்ந்த சிங்களரும் தமிழரும் ஒரே எதிர்ப்புப் பாடலைப் பாடும் நிலை இருவராலும் உருவாகவில்லை.

6

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன சில. வறுமை நேர்மைக்குச் சான்றிதழ் ஆகாது. அவ்வாறே செல்வமும் பொய்மைக்குச் சான்றாகாது. செல்வந்தப் பாடகர் நம்பத்தக்க சாட்சியாக இருக்கமுடியும். சாட்சியத்தின் மெய்ம்மையை நிகழ்வுகளைக் கொண்டே சோதிக்க வேண்டும், சாட்சியின் உணவுத் தட்டைக் கொண்டன்று. ஆனால் சாட்சி தாமாகவே பிரதிநிதி ஆகிவிடுவதில்லை. யாருக்காகப் பாடுகிறாரோ அவர்கள் அவரைக் கேள்வி கேட்கவும் திருத்தவும் வழி இருக்கும்பொழுதே பிரதிநிதித்துவம் தோன்றுகிறது. இதனை மூன்றாவது அளவையாகக் கொள்ளலாம். மாதங்கியின் விடயத்தில் இவ்வழி மிகக் குறுகியதாகவே இருந்தது.

2019இல் பிரித்தானிய அரச விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபொழுது, தம் தாய் அத்தகைய பதக்கங்களைக் கையாற் தைத்த தொழிலாளி என அவர் நினைவூட்டினார். விருதைப் பெறும் கைக்கும் அதனைத் தைத்த கைக்குமுள்ள உறவை அவர் அறிந்தே இருந்தார். அவ்வறிவு பாடலாவது ஒருபுறம். அது மக்களுக்குப் பொறுப்புக்கூறலாக விரிவது மறுபுறம். இரண்டாவது தனியொரு கலைஞரால் ஆகும் காரியமன்று.

எம்.ஐ.ஏ. என்ற பெயர் போர்க்களத்திற் காணாமற்போனோரைக் குறிக்கும் இராணுவக் குறியீட்டை விளையாட்டாகத் திரித்து அமைந்தது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரப் பந்தல்களில் இருந்து தம் பிள்ளைகளைக் கேட்டுப் போராடினர். அவர்களது அழுகையிலும் அரற்றலிலும் ஒப்பாரி மரபின் வலு முழுவதும் உண்டு. அவற்றைப் பதிந்து, பேணி, ஆராய்வது எமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் உடனடிப் பணி. உலகப் புகழ் வாய்ந்த பாடகர்களை மதிப்பிடும்பொழுதும் அப்பந்தல்களில் இருந்தோரையே நாம் முதலில் உசாவ வேண்டும்.