புது ரத்தம்

ஆடிப்பூரத் தேருக்கோ பொங்கலுக்கோ வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கும் வாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து வீடுகளில் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் கேட்கலாம். பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து சேர்ந்த குழந்தையின் காலில் மறுநாளே காசு அகலத்துக்குத் தடிப்புகள். சொறிந்து சொறிந்து ரத்தம் வந்திருக்கும். அதே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சியின் காலில் ஒரு தடயமும் இருக்காது. "புள்ளைக்குப் புது ரத்தம்லப்பா, அதான் கொசு தேடித் தேடிக் கடிக்குது. எங்கள எங்க கடிக்கப் போவுது?"

இந்த வாக்கியத்தின் முதல் பாதி கூர்மையான கவனிப்பு. இரண்டாம் பாதி ஆபத்தான தவறு. இரண்டையும் பிரித்தெடுக்க விஞ்ஞானத்துக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

முதலில் கடி என்றால் என்ன என்று பார்ப்போம். கடிப்பது பெண் கொசு மட்டுமே; முட்டையை வளர்க்க அதற்கு ரத்தப் புரதம் வேண்டும். நாம் ஊசி என்று நினைப்பது ஒரே ஊசி அல்ல, ஓர் உறைக்குள் சேர்த்துக் கட்டிய ஆறு மெல்லிய கருவிகள். தோலை அறுக்க, விலக்கிப் பிடிக்க, ரத்தத்தை உறிஞ்ச என்று ஆளுக்கொரு வேலை. அதில் ஒன்றின் வேலை எச்சிலை உள்ளே விடுவது. அந்த எச்சில் ரத்தக்குழாயை விரியச் செய்யும், ரத்தத் தட்டுகள் ஒன்றுகூடுவதைத் தடுக்கும், உறைதலைத் தள்ளிப்போடும். குடித்து முடிக்கும்வரை ரத்தம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் கொசுவின் கணக்கு. நம்மை அரிக்க வைப்பதில் அதற்கு ஒரு லாபமும் இல்லை. அரித்தால் நாம் அடிப்போம், நஷ்டம் அதற்குத்தான்.

அப்படியென்றால் அரிப்பு எங்கிருந்து வருகிறது? ஜெர்மானிய விஞ்ஞானி ஃபிரிட்ஸ் ஷௌடின் 1904இல் ஒரு பதில் சொன்னார். கொசுவின் உணவுக்குழாயை ஒட்டிய சிறு பைகளில் வாழும் நுண்ணுயிர்கள்தான் காரணம் என்பது அவர் கருத்து. அந்தப் பைகளை எடுத்துத் தன் தோலில் வைத்தே சோதித்தார். கெட்டிக்கார மனிதர், ஆனாலும் தவறு. இல்லை, எச்சில் சுரப்பிதான் என்று வேறு சிலர் வாதிட்டார்கள். வழக்கைத் தெளிவாக முடித்தது 1960இல் ஹட்சன், போமன், ஓர் மூவரும் வெளியிட்ட ஆய்வு. கொசுவின் எச்சில் குழாயை அறுத்துவிட்டுக் கடிக்க விட்டார்கள். கொசு கடித்தது, ரத்தம் குடித்தது; தடிப்பு வரவில்லை. மென்பொருளில் பிழை தேடுகிறவர்களுக்கு இந்த முறை நன்றாகத் தெரியும்: சந்தேகப்படும் பகுதியை மட்டும் துண்டித்துவிட்டு மீதியை ஓட விடுவது.

இதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சிலின் இன்னொரு முகம் இந்தியாவில் வெளிப்பட்டிருந்தது. 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் மாகாணத்துக்கு வந்த ரொனால்ட் ராஸ், 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஆனால் வயிற்றில் இருப்பது மனிதனுக்குள் எப்படி வரும்? அடுத்த ஆண்டு கல்கத்தாவில், பறவை மலேரியாவை வைத்து அந்த வழியையும் பிடித்தார். கிருமி கடைசியில் போய்ச் சேரும் இடம் கொசுவின் எச்சில் சுரப்பி. அரிப்பைத் தருவதும் நோயைத் தருவதும் ஒரே துளிதான்.

ஆனால் அந்தத் துளி நேரடியாக அரிப்பை உண்டாக்குவதில்லை. இதைப் புரிந்துகொள்ள வேறொரு கதை வேண்டும். 1878இல் பால் எர்லிஷ், துகள்கள் நிரம்பிய ஒருவகை உயிரணுவுக்கு 'மாஸ்ட் செல்' என்று பெயர் வைத்தார். 1910இல் ஹென்றி டேலும் பாட்ரிக் லெய்ட்லாவும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உடலில் என்ன செய்யும் என்று விவரித்தார்கள். இரண்டுக்குமான உறவு 1950களில் தெரிந்தது: மாஸ்ட் செல்தான் ஹிஸ்டமின் வைத்திருக்கும் குடோன். அதன் கதவைத் திறக்கும் சாவியான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை 1966இல் இஷிஸாகா தம்பதி அடையாளம் கண்டார்கள். கொசு எச்சிலின் புரதத்தை முன்பே அறிந்த ஐஜிஇ அதைப் பற்றிக்கொண்டதும் மாஸ்ட் செல் வெடித்துத் திறக்கிறது. ஹிஸ்டமின் நரம்பைத் தொட்டால் அரிப்பு, குழாயைத் தொட்டால் வீக்கம். மெடிக்கலில் வாங்கும் செட்ரிசின் தடுப்பது இந்த ஹிஸ்டமினைத்தான்.

ஆக, அரிப்பு கொசுவின் விஷம் அல்ல, நம் உடலின் ஞாபகம். முன்பு பார்த்த ஆளை அடையாளம் கண்டு போடும் கூச்சல்.

ஞாபகம் என்றால் அதற்கு ஒரு வளர்ச்சியும் இருக்கும். இங்கிலாந்தின் பூச்சியியலாளர் கென்னத் மெலன்பி, ஏடிஸ் எஜிப்தி கொசுவை முன்பின் அறியாத ஆட்களைக் கடிக்க வைத்து, 1946இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அவரும் பின்வந்தவர்களும் கண்ட வரிசை இது: முதல் கடிகளுக்கு உடல் ஒன்றுமே செய்யாது. பிறகு ஒருநாள் கழித்துத் தடிக்கும். அடுத்த கட்டத்தில் உடனேயும் தடிக்கும், மறுநாளும் தடிக்கும். இன்னும் கடி தொடர்ந்தால், உடனடித் தடிப்பு மட்டும் மிஞ்சும். வருஷக்கணக்கில் கடிபட்டவருக்குக் கடைசியில் அதுவும் அடங்கிப்போகும்.

இப்போது திண்ணைக்குத் திரும்பலாம். குழந்தை நடுப்படியில் நிற்கிறது, ஆச்சி கடைசிப் படியில். கொசுவுக்கு ஆள் பார்க்கத் தெரியும்தான். மூச்சில் வரும் கரியமிலவாயு, தோலின் வாடை இவற்றை வைத்துச் சிலரை அதிகம் நாடும். ஆனால் ஊருக்குப் புதியவரா பழையவரா என்று அது பார்ப்பதில்லை. ஆச்சியையும் கடித்திருக்கிறது. ஆச்சியின் உடல் புகார் கொடுப்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

இது வெறும் சுவாரஸ்யமான தகவல் என்று விட்டுவிட முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நின்றாலும் இந்த ஊர்கள் மழை மறைவுப் பக்கம். ராஜபாளையத்தின் குடிநீர் ஆறாம் மைல் நீர்த்தேக்கத்தை நம்பி வளர்ந்தது. மலையில் மழை பொய்த்தால் குழாயில் தண்ணீர் வரும் இடைவெளி நீளும். தண்ணீர் தினமும் வராத ஊரில் பிடித்து வைக்காமல் எப்படி? சிமென்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், வரிசையாகக் குடங்கள். மெலன்பி பயன்படுத்திய அதே ஏடிஸ் எஜிப்திக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. சாக்கடையை விட நாம் குடிக்கப் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். பகலில் கடிக்கும்; பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து இருநூறு, முந்நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடியும். நம்மைக் கடிப்பது அநேகமாக நம் தெருக் கொசு.

2006இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டில் மூட்டு மூட்டாக ஆட்களை முடக்கியது. 2012இல் டெங்கு 12,000 பேருக்கு மேல், 2017இல் 23,000 பேருக்கு மேல் என்று பதிவானது. "எங்களுக்குப் பழகிப்போச்சு" என்ற நம்பிக்கை உடைவது இந்த இடத்தில்தான். உடல் பழகியது எச்சிலுக்கு, வைரஸுக்கு அல்ல. டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்ட காலப் பாதுகாப்பு. பின்னால் வேறு வகை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. முதல் தொற்றின் எதிர்ப்பொருள்களே புதிய வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவிவிடலாம். கொசு எச்சிலில் உடலின் ஞாபகம் காலப்போக்கில் சாந்தமாகிறது. டெங்குவில் அதே ஞாபகம் நமக்கு எதிராகத் திரும்பக்கூடும். 'பழக்கம்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுவது தப்பு.

அரிக்காத காலை வைத்து வீட்டில் கொசு இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. தொட்டியைத்தான் பார்க்க வேண்டும். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்து தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம், பத்து நாள். வாரத்துக்கு ஒருமுறை டிரம்மின் உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டிவிட்டால் அந்தக் கணக்கு முறிந்துவிடும். வந்திருக்கும் பேரனின் கால் தடித்திருந்தால், அது புது ரத்தத்தின் குறை இல்லை. இந்த வீட்டில் கொசு இருக்கிறது என்று இன்னும் சொல்லத் தெரிந்த ஒரே உடம்பு அதுதான். அன்றைக்கே டிரம்மைத் திறந்து பார்ப்பது நல்லது.