நுரையீரல் டாக்டர், ஐசியு டாக்டர்: எப்போ யாரைப் பார்க்கணும்?

பேச முடியாத அளவு மூச்சுத் திணறலா? உதடு நீலமாகுதா? ஆக்சிமீட்டர் 90-க்குக் கீழே காட்டுதா? மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் நல்ல டாக்டர் யாருன்னு மொபைலில் தேடிட்டு இருக்காதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க. வென்டிலேட்டர் நோயாளிகளை ஐசியுவில் கவனிப்பவர்தான் 'கிரிட்டிக்கல் கேர்' டாக்டர்.

நாள்பட்ட இருமல், வீசிங் என்றால் பல்மனாலஜிஸ்ட். சுவாச மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பாருங்க. சிலர் இரண்டு துறையும் படித்திருப்பார்கள். போர்டை மட்டும் நம்பாமல், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பதிவைச் சரிபார்க்கலாம்.

2 வாரத்தைத் தாண்டிய இருமலுக்கு அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம். பக்கத்தில் ராயப்பேட்டை இருக்கு. காசநோய்க்காக 1928-ல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், இப்போது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால், அதே பெயரில் ஸ்டேஷனே இருக்கு.