பிறப்பை மாற்றிய கதைகள்

நெல்லைச் சீமையில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்கும். வில், குடம், உடுக்கு, தாளம் வைத்து இரவெல்லாம் ஒரே கதையைப் பாடுவார்கள். அவற்றில் முத்துப்பட்டன் கதை, பாடநூலுக்காகக் காத்திராமல் நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்ல வேண்டியது.

பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த முத்துப்பட்டன், காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் சகோதரிகளைக் கண்டு காதலிக்கிறான். அவர்களின் தகப்பன் வாலப்பகடை உடனே தலையாட்டிவிடவில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் காட்டு, பிறகு பேசலாம் என்கிறார். நிபந்தனை போடுவது யார் என்பதைக் கவனியுங்கள் தோழர்களே! பட்டன் எல்லாவற்றையும் செய்து மணம் முடிக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். (இந்த இடத்தை வீரமாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பெண்ணை ஏன் சாகச் சொல்கிறது கதை என்று கேளுங்கள்.) பாபநாசம் மலையில், சொரிமுத்து அய்யனார் கோயிலில், பட்டவராயனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. சாதி மாறிக் காதலித்தவர்களை வெட்டிய செய்திகள் வரும் அதே நெல்லையில்தான் இதுவும் நடக்கிறது.

இந்தக் கதையை 1971இல் நூலாகப் பதிப்பித்தவர் ஆய்வாளர் நா. வானமாமலை. அந்தப் பெண்கள் பிறப்பால் பார்ப்பனர்கள், வாலப்பகடை கண்டெடுத்து வளர்த்தார் என்று பாடும் வடிவமும் இருக்கிறது. ஒரே வரியில் சாதி மறுப்புத் திருமணம் சொந்தச் சாதித் திருமணமாகிவிடுகிறது.

மதுரை வீரனுக்கும் இதே கதிதான். காசி ராஜாவின் பிள்ளை, காட்டில் விடப்பட்டு அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன் என்கிறது அம்மானை. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அதையே ஊர் ஊராகக் கொண்டுபோனது. வீரம் நம் வீட்டில் பிறக்காது, வளரத்தான் செய்யும் போல!

எனவே மாலை வகுப்புகளில் ஒரு வடிவத்தை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். இரண்டையும் சொல்லுங்கள். எந்த வரி பின்னால் ஒட்டியதாக இருக்கும், அதனால் யாருக்கு நிம்மதி என்று பிள்ளைகளையே பேச விடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். அடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஆத்தாவும் தாத்தாவும் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு வரட்டும். கைபேசியில் பதியும்போது கதையைத் திருத்தாதீர்கள், வட்டாரப் பேச்சை மாற்றாதீர்கள். யாரிடம் கேட்டுக் கற்றார்கள் என்பதையும் கேட்டு, சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதி வையுங்கள்.