கல்லில் இரண்டு அச்சுகள்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் ஜெய்ப்பூர் வந்தால் நம் டூர் லிஸ்ட் தெரிந்ததுதான். ஆமேர் கோட்டை, ஹவா மகால், பாபு பஜார். நடுவில் ஜந்தர் மந்தரில் பத்து நிமிடம் போட்டோ. அடுத்த முறை அங்கே இரண்டு கருவிகளையாவது நின்று பாருங்கள்.

இரண்டாம் சவாய் ஜெய் சிங் 18-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் டெல்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா என ஐந்து ஊர்களில் வானாய்வுக்கூடம் கட்டினார். ஜெய்ப்பூரில் இருப்பதுதான் பெரியது.

முதலில் சாம்ராட் யந்திரம். சுமார் 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரம். வானத்தைப் பார்த்து ஏறும் அதன் சரிவு 27 டிகிரி; அதுதான் ஜெய்ப்பூரின் அட்சரேகை. அதனால் சரிவின் விளிம்பு, பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சுக்கு இணையாக, துருவ நட்சத்திரத்தின் பக்கம் காட்டும். நிழல் மணிக்குச் சுமார் 4 மீட்டர் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்தது ராசிவலய யந்திரம். சூரியன் வருடம் முழுவதும் வானில் நகரும் பாதைக்கும் ஓர் அச்சு உண்டு. அது முதல் அச்சிலிருந்து சுமார் 23½ டிகிரி விலகியிருக்கிறது. அது காட்டும் இடத்தில் அடையாளத்துக்குப் பளிச்சென்ற நட்சத்திரம் கிடையாது. போதாததற்கு, அந்தப் புள்ளி தினமும் துருவத்தைச் சுற்றி வருகிறது. ஓடும் புள்ளியை அசையாத கல்லால் எப்படிக் காட்டுவது?

ஒன்றுக்குப் பன்னிரண்டாகக் கட்டிவிட்டார்கள்! ராசிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வேறு உயரம், வேறு திசை. ஒரு ராசியின் தொடக்கம் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தில் அதற்குரிய கருவியின் விளிம்பு அந்தப் புள்ளியைச் சரியாகக் காட்டும்.

சரி, இவ்வளவு செய்தவருக்குப் பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று தெரியுமா? கோபர்நிகஸின் நூல் 1543-லேயே வந்துவிட்டது. ஜெய் சிங் போர்ச்சுகலுக்கு ஆள் அனுப்பி ஐரோப்பிய அட்டவணைகளை வரவழைத்து, தன் அளவுகளோடு ஒப்பிட்டுப் பிழையும் கண்டவர். ஆனாலும் அவர் கணக்கில் பூமி நடுவிலேயே நின்றது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் எல்லா எண்ட்ரியும் சரி என்று அர்த்தமில்லை. எது எதைச் சுற்றினாலும் அச்சின் திசை ஒன்றுதான். அதனால் அவர் அளவு இன்றும் செல்லும்.

"நம் முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும்" என்பவர்களும் "ஒன்றும் தெரியாது" என்பவர்களும் பிள்ளைகளோடு இங்கே ஒரு மணி நேரம் நிற்கலாம்.