உடையாளூர்த் தூண்

கும்பகோணத்துக்குப் பக்கத்து உடையாளூரில் யாரிடம் கேட்டாலும் ராஜராஜ சோழனின் சமாதிக்கு வழி காட்டுவார்கள். தோப்போரம், கீற்றுக் கொட்டகைக்குள் ஒருபக்கம் சாய்ந்து நின்ற லிங்கம். 1014-ல் மறைந்த மன்னர் அதன் அடியில்தான் இருக்கிறார் என்பது ஊர்ப் பேச்சு.

பேச்சுக்கு ஒரு பிடிமானம் உண்டு. பால்குளத்து அம்மன் கோயிலில், வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு தூண். ராஜராஜனுக்குப் பின்னாளில் வந்த சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனின் 42-ஆம் ஆட்சியாண்டில், சிவபாதசேகர தேவர் திருமாளிகையின் முன்மண்டபம் பழுதாகிப் புதுப்பிக்கப்பட்டதை அதன் கல்வெட்டு சொல்கிறது. சிவபாதசேகரன் ராஜராஜனின் பட்டப்பெயர். அந்த வரியைத் தடவிப் படித்தபோது எனக்கும் நெஞ்சு படபடத்தது. ஆனால் திருமாளிகை என்றால் அரண்மனையாகவும் இருக்கலாமே! அவரை அங்கே புதைத்ததாகத் தூண் சொல்லவில்லை. சமாதி அங்கே உண்டா என்று அறிய, 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி தொல்லியல் துறை ஆளில்லா விமானம் பறக்கவிட்டு ஆராய்ந்தது.

எனக்கு ஆதங்கம் வேறு. சிறிது தூரத்தில், பட்டீஸ்வரம் அருகே, ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது சமாதிக் கோயில், நிற்கிறது. அது பள்ளிப்படை என்பதைக் கல்வெட்டே சொல்கிறது, ஊகத்துக்கே வேலையில்லை. ஊரார் அதை ராமநாதன் கோயில் என்கிறார்கள். புதர் மண்டிப் பல காலம் கிடந்தது. உடையாளூர் வருகிறவர்கள் அங்கேயும் போய்வர வேண்டும்.