சேர்த்து வைக்கத் தெரிந்த புளூடூத், பிரித்து வைக்கத் திணறுவது ஏன்?

போன எபிசோடுக்குப் பிறகு நேயர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஹெட்செட்டை கம்ப்யூட்டர்ல இருந்து ரிமூவ் பண்ணப் பண்ண, அது போகவே மாட்டேங்குது. பழைய லேப்டாப்பை விற்கலாம்னு இருக்கேன். என்ன செய்றது?" வழி சொல்கிறேன். அதற்கு முன்னாடி, இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

புளூடூத் பிறந்த இடம் ஸ்வீடனில் உள்ள லுண்ட் நகரம். அங்கே எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளரும், அவரோடு ஸ்வென் மாட்டிசனும் இதில் வேலை செய்தார்கள். நோக்கம் ரொம்ப எளிமையானது: போனுக்கும் மற்ற கருவிகளுக்கும் நடுவில் இருக்கிற வயரை ஒழிக்க வேண்டும். 1998 மே மாதம் எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா என ஐந்து நிறுவனங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. முதல் வரையறை 1999இல் வந்தது.

பெயரைக் கொடுத்தவர் இன்டெல்லின் ஜிம் கார்டாக். 10ஆம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்ட் புளூடூத்தின் பெயர் அது. டென்மார்க்கையும் நார்வேயையும் தன் ஆட்சியில் சேர்த்தவர் என்று யெல்லிங் ஊரில் அவர் நட்ட கல்வெட்டு சொல்கிறது. புளூடூத் சின்னத்தில் இருப்பதும் அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான், ரூன் எழுத்தில். ஆக, பெயரிலேயே 'சேர்ப்பது' இருக்கிறது. பிரிப்பது எப்படி?

வயர் என்றால் பிடுங்கினால் போதும், இரண்டு பக்கமும் விட்டுப் போய்விடும். புளூடூத்தில் அப்படி இல்லை. இரண்டு கருவிகள் முதல்முறை ஜோடி சேரும்போது 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. அதன் ஒரு பிரதி கம்ப்யூட்டரில், இன்னொன்று ஹெட்செட்டில். அடுத்த முறை பார்க்கும்போது "நீதானா?" என்று அந்தச் சாவியை வைத்துத்தான் சரிபார்க்கின்றன. நீங்கள் 'ரிமூவ்' அழுத்தினால் இந்தப் பக்கத்துப் பிரதி மட்டும்தான் அழியும். அந்தப் பக்கத்துக்குச் சேதியே போகாது.

"சேதி அனுப்பினா என்ன கெட்டுப்போச்சு?" என்று தோன்றும், இல்லையா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. அப்போதெல்லாம் ஜோடி சேர்க்க பின் எண் கேட்கும். பல ஹெட்செட்டுகளில் அது வெறும் 0000. 2005இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யானிவ் ஷாகேத், அவிஷாய் வூல் இருவரும், ஜோடி சேரும் உரையாடலை ஒட்டுக்கேட்டால் நான்கு இலக்க பின்னை ஒரு பழைய பென்டியம் 3 கம்ப்யூட்டரிலேயே 0.3 விநாடிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். ஆனால் ஜோடி சேர்வது ஒருமுறைதானே நடக்கிறது? அதற்கும் வழி சொன்னார்கள்: ஒரு கருவியைப் போல நடித்து "எனக்குச் சாவி மறந்துபோச்சு" என்று சொன்னால், மறுபக்கமும் சாவியைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி ஜோடி சேர வரும்.

பார்த்தீங்களா? யாரோ சொன்னதை நம்பி மறந்துவிடுவதே ஒரு ஓட்டை. 2007இல் வந்த 2.1 பதிப்பு அந்தப் பின் முறையையே மாற்றி, ஒட்டுக்கேட்டாலும் சாவி கிடைக்காத கணக்கைக் கொண்டுவந்தது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத் வகைக்கு, மறுபக்கத்துச் சாவியை அழிக்கச் சொல்லும் வசதியும் பின்னால் வந்தது. ஆனால் அது கட்டாயம் இல்லை. அதனால் இன்றைக்கும் அவரவர் நினைவை அவரவர்தான் அழிக்க வேண்டும்.

சரி, நேயரின் கேள்விக்கு வருவோம். விண்டோஸ் ஒரு ஹெட்செட்டை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. பாட்டு கேட்க ஒன்று, மைக்குக்கு ஒன்று, பட்டன்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பதிந்து வைக்கிறது. அதில் ஒன்று மாட்டிக்கொண்டாலும் 'ரிமூவ்' தோற்றுப்போகலாம்.

முதலில் ஹெட்செட்டை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, உடனே ரிமூவ் கொடுத்துப் பாருங்கள். போகவில்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் 'வியூ' மெனுவுக்குப் போய் மறைந்திருக்கும் கருவிகளைக் காட்டச் சொல்லுங்கள். புளூடூத் பிரிவில் அந்த ஹெட்செட் பெயரில் இருப்பதையெல்லாம் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், சர்வீசஸ் பட்டியலில் 'புளூடூத் சப்போர்ட் சர்வீஸ்' என்பதை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். லினக்ஸில் புளூடூத்சிடிஎல் கட்டளையில் 'ரிமூவ்' போட்டு, கருவியின் முகவரியைக் கொடுத்தால் போதும்.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஹெட்செட்டின் கையேட்டைப் பார்த்து அதையும் ரீசெட் செய்யுங்கள். பெரும்பாலும் ஒரு பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இது வெறும் எரிச்சல் சமாச்சாரம் இல்லை. சாவி அழியாத லேப்டாப்பை வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால், நீங்கள் ஹெட்செட்டைப் போட்டதும் அது அவர் கம்ப்யூட்டரோடு சேர்ந்துகொள்ளலாம்; உங்கள் மைக்கும் அங்கே போகும். வாடகைக் காரில் போனை இணைத்தால், உங்கள் தொடர்பு எண்கள்கூட அந்தக் காரில் தங்கிவிடலாம். போனில் மட்டும் அழித்தால் காருக்குத் தெரியாது. சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் கார் திரையிலும் உங்கள் போனின் பெயரை அழித்துவிட்டு இறங்குங்கள்.